இங்கே மணி பன்னிரண்டு ஆனதும் வெளியிடவும்

பத்திரிகையில் அவர் பெயர் ஒருநாளும் வந்தது கிடையாது. செய்திக்கு மேலே ‘நமது சிறப்பு நிருபர்’ என்று வரும், அவ்வளவுதான். வருடக்கணக்கில் அப்படியே வந்து வந்து, அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் ‘சிறப்பு’ என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். “சிறப்பு சாப்பிட்டாச்சா?” “சிறப்புக்கு ரெண்டு நாளா காய்ச்சலாம்.” வீட்டில் மனைவி மட்டும், “அப்படி என்னத்த சிறப்பைக் கண்டாங்களோ” என்பாள்.

உலகத்தில் எங்கே இரண்டு படைகள் முறைத்துக்கொண்டாலும் சிறப்பைத்தான் அனுப்புவார்கள். காரணம் வீரம் அல்ல. அவருக்கு எந்தப் பாயிலும் தூக்கம் வரும், எந்த டீயும் தொண்டையில் இறங்கும். பத்திரிகை இதைத்தான் போர்க்கள அனுபவம் என்று கணக்கில் எடுத்துக்கொண்டது. செய்தி ஆசிரியர் அவருடைய மனைவியின் அண்ணன். தங்கையைக் கட்டிக்கொடுத்த வீட்டு மாப்பிள்ளையைக் குண்டு விழும் இடமாகப் பார்த்து அனுப்புகிறாரே என்று உறவினர் சிலர் குறைப்பட்டதுண்டு. “வேற யாரையாவது அனுப்பினா சொந்தக்காரனுக்குச் சலுகை காட்டுறேன்னு சொல்லுவாங்களே” என்பது மச்சானின் பதில்.

இந்த முறை அனுப்பிய நகரத்தின் நடுவே ஓர் ஆறு ஓடியது. இந்தக் கரையில் ஒரு படை, அந்தக் கரையில் இன்னொரு படை, நடுவில் ஒரு பாலம். சிறப்பின் நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் கொடி வேறு, பணம் வேறு, கடிகாரம் வேறு. பேச்சு மட்டும் ஒன்றுதான். மொழிபெயர்ப்பாளர் செலவு மிச்சம் என்பதால் சிறப்பு தெருமுனை விடுதி ஒன்றில் மாதக்கணக்கில் தங்க வைக்கப்பட்டார்.

விடுதி என்றால் மாடியில் நான்கு அறை, கீழே சமையலறை. கண்ணாடி ஜன்னல்கள் எல்லாவற்றிலும் பெருக்கல் குறி போல ஒட்டுநாடா. வாசலில் மணல் மூட்டைகள். அவற்றின் மேல் எந்தத் தரப்பையும் சேராத ஒரு பூனை. மாடி ஜன்னலைத் திறந்தால் பாலம் தெரியும். ஒன்றரை வருடமாகக் கால் படாத பாலம். தார்ச்சாலை வெடிப்புகளில் முழங்கால் உயரத்துக்குப் புல் வளர்ந்து, காற்றடிக்கும்போது நட்ட நடு ஆற்றின் மேல் ஒரு வயல் அசைவது போல இருக்கும்.

விடுதியை நடத்திய அக்காவுக்கு ஐம்பது வயது இருக்கும். ஒன்றரை வருடத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் சமையலறைக் குழாய் சொட்டுகிறது என்று அவர் கணவர் வாஷர் வாங்கக் கிளம்பினார். நல்ல வாஷர் அந்தக் கரையில்தான் கிடைக்கும் என்பது அவர் கட்சி. “இதோ வந்துடுறேன்” என்று சொல்லிவிட்டுத்தான் போனார். கடைக்குள் நின்று அவர் பேரம் பேசிக்கொண்டிருந்தபோது பாலத்தை மூடிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு வல்லரசுகள் தலையிட்டன. சபைகள் கூடித் தீர்மானங்கள் போட்டன. தூதர்கள் வந்து ‘ஆழ்ந்த கவலை’ தெரிவித்துவிட்டுப் போனார்கள். குழாய் சொட்டிக்கொண்டே இருந்தது. அடியில் ஒரு வாளி. பகலில் குண்டுச் சத்தத்தில் அது காதில் விழாது.

“அக்கா, நான் வேணா ஒரு வாஷர் வாங்கி மாட்டி விடட்டுமா?” என்று சிறப்பு வந்த புதிதில் கேட்டார்.

“அதான் அவரு வாங்கிட்டாரே தம்பி. கையில வெச்சிருக்காரு. அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?”

லைன் கிடைக்கும் நாட்களில் இருவரும் போனில் சண்டை போடுவார்கள். ஆற்றைத் தாண்டி உரக்கக் கூப்பிட்டாலே கேட்கும் தூரம். ஆனால் தலை நீட்டினால் சுடுவார்கள். “சாப்டீங்களா? … அந்தச் சட்டையைத் துவைச்சீங்களா இல்லையா? … வாஷர் எங்க? … பையில தடவிப் பாத்துட்டுச் சொல்லுங்க. உங்களை எனக்குத் தெரியாதா?” அக்காவின் பக்கம் இப்படிப் போகும். சிறப்பு இதுவரை எழுதிய போர்ச் செய்திகள் எதிலும் இது வந்ததில்லை. மச்சான் கேட்பதெல்லாம் ‘எத்தனை பேர், யார் முன்னேற்றம், வல்லரசு என்ன சொல்லுது’ என்பதுதான்.

கடைசியில் ஒரு வழியாக, எங்கோ தூரத்துக் குளிர் தேசத்தில், இரு தரப்புப் பிரதிநிதிகளும் போர் நிறுத்தத்துக்கு ஒப்புக்கொண்டார்கள். நாளை நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் துப்பாக்கிகள் ஓயும், பாலம் திறக்கும் என்று அறிவிப்பு வந்தது.

இந்த இடத்தில் பத்திரிகைத் தொழிலின் ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். நடக்கப்போவதை முன்கூட்டியே எழுதி வைத்துவிடுவார்கள். ஒரு தலைவருக்குச் சளி பிடித்தாலே அவருடைய இரங்கல் செய்தி தூசி தட்டி எடுக்கப்படும். தேர்தலில் யார் ஜெயித்தாலும் போடுவதற்கு இரண்டு தலையங்கம் தயாராக இருக்கும். பன்னிரண்டு மணிக்கு ஊரே போனை எடுக்கும், லைன் கிடைக்காது என்று கணக்குப் போட்ட சிறப்பு, முந்தின நாள் சாயங்காலமே மாடி அறையில் உட்கார்ந்து போர் நிறுத்தத்தை எழுதி முடித்துவிட்டார்.

‘நண்பகல் பன்னிரண்டு மணிக்குத் துப்பாக்கிகள் ஓய்ந்தன. ஒன்றரை ஆண்டு கால இரைச்சலுக்குப் பின் இரு கரைகளிலும் மௌனம் இறங்கியது. முதலில் பாலத்தில் கால் வைத்தவர் ———. அவரைத் தொடர்ந்து இரு பக்கங்களிலிருந்தும் மக்கள் நடந்தார்கள். யாரும் சுடவில்லை.’

செய்திக்கு மேலே ஒரு குறிப்பு: ‘இங்கே மணி பன்னிரண்டு ஆனதும் வெளியிடவும். கோடிட்ட இடத்துக்கு ஆளைப் போனில் சொல்கிறேன். லைன் கிடைக்காவிட்டால் பொருத்தமாக ஏதாவது போட்டுக்கொள்ளவும்.’

அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். அப்படித் தூங்கியிருக்கக் கூடாது.

மறுநாள் காலை, மூடிக் கிடந்த பள்ளிக்கூடத்தின் ஓவிய வகுப்பில் செய்தியாளர் சந்திப்பு. குழந்தைகள் உட்காரும் பெஞ்சுகளில் முழங்கால் மோவாயில் இடிக்க நான்கைந்து நிருபர்கள். வெளியே வழக்கமான காலைக் குண்டுகள். இந்தக் கரை ராணுவத்தின் செய்தித் தொடர்பாளர் மேலே டை, கீழே ரப்பர் செருப்பு என்று வந்து நின்றார்.

“தொழில்நுட்பக் காரணங்களால போர் நிறுத்தம் தள்ளிவைக்கப்படுது. போர் வழக்கம்போல நடைபெறும்.”

“என்ன தொழில்நுட்பம் சார்?” என்றார் சிறப்பு.

தொடர்பாளர் குரலைத் தாழ்த்தினார். “கதவுங்க.”

“கதவா?”

“கையெழுத்துப் போடற ரூமுக்கு ரெண்டு தரப்பும் ஒரே நேரத்துல நுழையணும். முதல்ல நுழைஞ்சவன் இறங்கி வந்தவன்னு ஆகிடும். அதனால ரெண்டு கதவு இருக்கற ரூம் வேணும். கிடைச்சுது. ஆனா ஒரு கதவு கொஞ்சம் உயரம் கம்மியாம். எங்க தலைவர் குனிய மாட்டாரு.”

“அவங்க தலைவர்?”

“அவரு குள்ளம்தான். ஆனா குனியற மாதிரி தெரியுமாம்.”

சிறப்பு வெளியே வந்து மச்சானுக்குப் போன் போட்டார். லைன் கிடைக்கவில்லை. பன்னிரண்டுக்கு இன்னும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. அதற்குள் கிடைத்துவிடும் என்று டீக்கடைக்குள் நுழைந்தார். பாதி டீ குடித்திருப்பார். ஏதோ ஒன்று குறைகிற மாதிரி இருந்தது. சர்க்கரை சரியாகத்தான் இருந்தது. காதில் ஏதோ அடைத்துக்கொண்டதோ என்று சுண்டுவிரலை விட்டுக் குடைந்தார். டீக்கடைக்காரரும் அதே நேரத்தில் தன் காதைக் குடைந்துகொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

குண்டுச் சத்தம் இல்லை. அந்தக் கரையிலிருந்தும் இல்லை, இந்தக் கரையிலிருந்தும் இல்லை. கொதிக்கும் பாத்திரத்தின் மூடி தடதடப்பது கேட்டது. எங்கேயோ யாரோ தும்மியது தெரு முழுக்கக் கேட்டது.

பிறகு கதவுகள் திறக்கும் சத்தம், ஒன்று, இன்னொன்று, அப்புறம் வரிசையாக. அந்தத் தெருவில் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதே சிறப்புக்கு அன்றுதான் தெரிந்தது. பையோடும், பெட்டியோடும், நல்ல உடுப்போடும் மனிதர்கள் வெளியே வந்து எல்லோரும் ஒரே பக்கமாகப் போனார்கள். பாலத்தின் பக்கமாக.

அந்தக் கூட்டத்தில் விடுதி அக்கா வந்தார். தலை படிய வாரியிருந்தார். கைப்பை வைத்திருந்தார்.

“தம்பி! நின்னுடுச்சாமே! என்ன ஆளு நீங்க, வீட்டுல இருக்கறவகிட்ட ஒரு வார்த்தை சொல்லல. உங்க பேப்பர்லதான் முதல்ல போட்டிருக்காம். வெளிநாட்டுல இருக்கற என் நாத்தனார் அனுப்பியிருக்கா. ரெண்டு கரை ரேடியோவிலயும் இப்ப அதைத்தான் படிக்கிறாங்க.”

போனை நீட்டினார். சிறப்பு வாங்கிப் பார்த்தார். அவருடைய வரிகள் எழுத்து மாறாமல் இருந்தன. கோடிட்ட இடம் மட்டும் நிரம்பியிருந்தது: ‘முதலில் பாலத்தில் கால் வைத்தவர் சிவப்புக் குடை பிடித்த ஒரு பெண்.’

இந்த நகரத்தில் எந்த வானொலியையும் யாரும் நம்புவதில்லை. இரண்டுமே ஒன்றரை வருடமாகத் தினம் ‘நாங்கள் வென்றுகொண்டிருக்கிறோம்’ என்று சொல்லி வந்தன. அதனாலேயே வெளிநாட்டுப் பத்திரிகையில் வந்தது என்றால் இங்கே அதற்கு மறுபேச்சு இல்லை. ஒரு பொய்யை நம்பி ஒரு தெருவே துப்பாக்கி முனைக்கு நடந்து போய்க்கொண்டிருந்தது. பொய்யை எழுதியவர் கையில் டீ கிளாஸ் இருந்தது.

அக்காவின் முழங்கையைப் பிடித்துக் கடைச் சுவர் ஓரமாக இழுத்தார். “அக்கா, போகாதீங்க. அது நடக்கல. நான் நேத்தே எழுதி வெச்சது. அவங்க தப்பா முன்னாடியே போட்டுட்டாங்க. போர் நிறுத்தத்தைத் தள்ளிவெச்சாச்சு. இப்பதான் சொன்னாங்க.”

அக்கா அவரையே பார்த்தார். பிறகு பாலத்து முனையில் மணல் மூட்டைக்குப் பின்னால் இருந்த சிப்பாய்களைப் பார்த்தார்.

“இது அவங்களுக்குத் தெரியுமா?”

“தெரியாது.”

“அந்தப் பக்கத்துல இருக்கறவங்களுக்கு?”

“தெரியாதுன்னுதான் நினைக்கிறேன்.”

“அப்ப வாயை மூடிக்கிட்டு வாங்க” என்று அக்கா நடந்தார்.

பாலத்து முனையில் நூறு இருநூறு பேர் நின்றார்கள். முதல் அடி வைக்க ஆள் இல்லை. எல்லோரும் கழுத்தை நீட்டி நீட்டிக் கூட்டத்துக்குள்ளேயே தேடினார்கள்.

“குடைக்காரம்மா எங்கப்பா?”

“அந்தம்மா ஏற்கெனவே போயிட்டாங்க, பேப்பர்ல போட்டிருக்கே. பன்னெண்டுன்னு இருக்கறது அவங்க ஊர் நேரமா இருக்கும்.”

“போயிருந்தா புல்லு மிதிபட்டிருக்கணும்ல? பாரு, அப்படியே நிக்குது.”

சிறப்பு பொறுக்க முடியாமல் பக்கத்தில் பெட்டியோடு நின்ற ஒரு பெரியவரிடம், “ஐயா, திரும்பிப் போயிடுங்க, அந்தச் செய்தி தப்பு” என்றார்.

“பேப்பர்லயே போட்டிருக்கான். நீ யாரு தப்புன்னு சொல்ல?”

“அதை எழுதினதே நான்தாங்க.”

பெரியவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “எழுதினவனே இங்க நிக்கிறியா? அப்ப உண்மையாத்தான் இருக்கும்” என்று பெட்டியை இன்னும் ஓர் அடி முன்னால் நகர்த்தி வைத்தார்.

மணல் மூட்டைக்குப் பின்னால் இரண்டு சிப்பாய்கள் பேசிக்கொண்டது காதில் விழுந்தது.

“நமக்கு உத்தரவு வந்துச்சாடா?”

“வரல. அவங்களுக்கு வந்துடுச்சு போல. சுடக் காணோமே.”

“அப்ப நாம?”

“அவன் சுடாதப்ப நாம சுட்டா நாளைக்கு விசாரணையில நம்ம தலைதான் உருளும். சும்மா இரு.”

அந்தக் கரையிலும் இதே பேச்சுத்தான் நடந்துகொண்டிருக்க வேண்டும். இதற்குள் செய்தித் தொடர்பாளர் டை ஒரு பக்கமும் தான் ஒரு பக்கமுமாக ஓடி வந்தார்.

“சார், நின்னுடுச்சாமே? எனக்கு யாருமே சொல்லல பாருங்க! மேலிடத்துல கேட்டேன். அவங்களும் ரேடியோவுலதான் கேட்டாங்களாம். அதுக்கு மேல இருக்கறவங்க யாராவது முடிவு பண்ணியிருப்பாங்கன்னு சொல்றாங்க.” கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “நீங்க நேர்ல பாத்துதான எழுதினீங்க?”

சிறப்பு பதில் சொல்வதற்குள் அவருடைய போன் அடித்தது. மச்சான்.

“மாப்ள! எங்கய்யா இருக்க? உலகத்துல இருக்கற நியூஸ் ஏஜென்சி பூரா நம்மகிட்டருந்து எடுத்துப் போட்டிருக்கான். இப்ப ஒவ்வொருத்தனா கூப்பிட்டுக் கேக்குறான், உங்க ஆளு நேர்ல பாத்தாரான்னு. ஒருத்தன் மட்டும் உங்க ஊர்ல இன்னும் பன்னெண்டே ஆகலியேங்கறான். எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.”

“ஆகல மச்சான். இப்பதான் பத்து தாண்டியிருக்கு. எதைப் பாத்துப் போட்டீங்க?”

“சுவத்துல உங்க ஊர்க் கடிகாரம் இருக்குல்ல? காலையில ஆபீசுக்கு வந்து பாத்தேன், பன்னெண்டு காட்டுச்சு. நம்பிப் போட்டேன்.” கொஞ்சம் நிறுத்தி, “அப்புறம்தான் தெரியுது, நேத்து ஏ.சி. ரிமோட்டுக்கு பேட்டரி இல்லன்னு எவனோ அதுலருந்து கழட்டியிருக்கான். அது நேத்துலருந்தே பன்னெண்டுலதான் நிக்குது.”

அலுவலகச் சுவரில் உலக நகரங்களின் கடிகாரங்கள் வரிசையாக மாட்டியிருப்பது சிறப்பின் கண்முன் வந்தது. குளிர்காற்றுக்காக ஒரு போரின் நேரத்தையே கழற்றியிருக்கிறார்கள்.

“குடை?”

“லைன் கிடைக்கல, நீதான பொருத்தமா போடச் சொன்ன? படம் வந்தா கலர்ல எடுப்பா இருக்கும்னு போட்டேன். அதை விடு. இப்ப சொல்லு, செய்தியைத் தூக்கிடவா? ‘தவறு, போர் தொடர்கிறது’ன்னு திருத்தம் போட்டா அஞ்சு நிமிஷத்துல எல்லா ரேடியோவிலயும் வந்துடும். நீ சொல்றதுதான் மாப்ள. ஆமாவா, இல்லையா?”

சிறப்பு நிமிர்ந்து பார்த்தார். ‘இல்லை’ என்ற ஒரு சொல் அவர் நாக்கு நுனியில் நின்றது. அதுதான் உண்மை. இத்தனை வருடம் அவர் வாங்கிய சம்பளம் அந்த ஒரு சொல்லுக்குத்தான். அதைச் சொன்னால் ஐந்து நிமிடத்தில் மணல் மூட்டைக்குப் பின்னால் அது போய்ச் சேரும். சொல்லாமல் விட்டு, எவனாவது ஒருவன் விசையை அழுத்திவிட்டால், விழுகிற ஒவ்வொருவரும் அவர் எழுதிய ஒரு வரியில் தடுக்கி விழுந்தவர்கள்.

“கொஞ்சம் இருங்க மச்சான்.”

“எவ்வளவு நேரம்யா இருக்கறது?”

அந்த நேரத்தில்தான் கூட்டத்தில் யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். பிறகு எல்லோரும் இழுத்தார்கள்.

அந்தக் கரையில், பாலத்தின் மறுமுனையில், சாம்பல் நிறக் கட்டடங்களுக்கு நடுவே ஒரு சிவப்புப் புள்ளி விரிந்தது. மேகம் ஒன்றுகூட இல்லாத வானம். மழைக்கான அறிகுறியே கிடையாது. அங்கேயும் செய்தியைப் படித்திருக்கிறார்கள். அங்கேயும் குடைக்காரம்மாவைத் தேடியிருக்கிறார்கள். யாரும் இல்லை என்று தெரிந்ததும், யாரோ ஒரு பெண் வீட்டுக்குத் திரும்பிப் போய்ப் பரணிலிருந்து குடையை எடுத்து வந்திருக்கிறாள்.

சிவப்புப் புள்ளி அசைந்தது. புல்லுக்குள் இறங்கியது. அது அவசரப்படவில்லை, தயங்கவும் இல்லை. கடைக்குப் போகிறவள் போல நடந்தது.

சிறப்பு எத்தனையோ போர்களைப் பார்த்தவர். பீரங்கி வரிசைகளை, எரியும் எண்ணெய்க் கிணறுகளை, இரண்டு வல்லரசுத் தலைவர்கள் கைகுலுக்குவதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்த்தவர். எதற்கும் அவர் ரோமம் சிலிர்த்ததில்லை. இப்போது இரண்டு கைகளிலும் சிலிர்த்து நின்றது. அத்தனை துப்பாக்கிகளுக்கு நடுவே, வெயிலில், ஒரு குடை வந்துகொண்டிருந்தது.

“தம்பி, நான் வரேன்” என்றார் அக்கா.

“நானும் வரேன்க்கா. நான் எழுதினது.”

“நீங்க வந்து என்ன பண்ணப் போறீங்க? போனைப் பிடிச்சுக்கிட்டு இங்கயே நில்லுங்க. யாராவது கேட்டா ஆமான்னு சொல்ல ஒரு ஆள் வேணும்ல?” என்று சொல்லிவிட்டு, தெரிந்தே, எல்லாம் தெரிந்தே, கைப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு பாலத்தில் கால் வைத்தார்.

“மாப்ள! கேக்குதா? நேர்ல பாத்தியா இல்லையா?”

“பாத்துக்கிட்டிருக்கேன் மச்சான்” என்றார் சிறப்பு. “திருத்தம் வேண்டாம்.”

அக்காவுக்குப் பின்னால் பெட்டிப் பெரியவர் இறங்கினார். பிறகு மூன்று பேர், பிறகு கூட்டம். அந்தப் பக்கமும் குடைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு கூட்டம் புல்லை மிதித்துக்கொண்டு வந்தது. இத்தனை கால்கள் நடந்தும் பேச்சு எழவில்லை. எல்லோரும் கோயிலுக்குள் நடப்பது போல, தொட்டிலைத் தாண்டிப் போவது போல நடந்தார்கள்.

இரண்டு கூட்டமும் நடுவில் சந்திக்கப் பத்தடி தூரம் இருக்கும்போது பெரியவரின் தகரப் பெட்டி கை நழுவித் தார்ச்சாலையில் விழுந்தது.

டமார்.

நூற்றுக்கணக்கான பேர் ஒரே வீச்சில் தரையில் படுத்தார்கள். இரண்டு கரைகளிலும் துப்பாக்கிகள் நிமிர்ந்தன. சிறப்புக்கு அருகில் இருந்த சிப்பாயின் விரல் விசைக்குள் போயிருந்தது. அந்த விரலைத் தவிர உலகத்தில் வேறெதுவும் சிறப்பின் கண்ணுக்குத் தெரியவில்லை. நகத்தில் மண் இருந்தது. அந்த விரல் யாரோ ஒருவரின் பிள்ளையுடையது என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. ‘நான் கொன்றுவிட்டேன்’ என்று மட்டும்தான் தோன்றியது.

“டேய்” என்றான் இன்னொரு சிப்பாய். “அங்க பாருடா.”

பாலத்தில் ஒரே ஓர் உருவம் மட்டும் படுக்கவில்லை. சிவப்புக் குடை திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்துகொண்டிருந்தது. படுத்துக் கிடந்தவர்களைச் சுற்றிக்கொண்டு, சிதறிய பெட்டியைத் தாண்டி, அதே நடையில், இந்தக் கரையை நோக்கி.

விரல் விசையிலிருந்து வெளியே வந்தது.

படுத்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்கள். யாரோ பெரியவரைத் திட்டினார்கள். “பெட்டியை ஒழுங்காப் பிடிக்கத் தெரியாதாய்யா உனக்கு, எல்லாரையும் கொல்லப் பாத்தியே!” அந்த வசவு முடியுமுன் யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பாலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும் ஓடியது. அதற்குள் இரண்டு கூட்டமும் ஒன்றாகிவிட்டது. அதன்பின் யார் எந்தக் கரை என்று சிறப்புக்குப் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

“மாப்ள” என்றார் மச்சான், போனுக்குள்ளிருந்து மெதுவாக. “என்னய்யா, சத்தமே இல்ல? வழக்கமா உன் பின்னாடி டமடமன்னு கேட்டுக்கிட்டே இருக்கும்.”

“அதுதான் மச்சான் செய்தி.”

மச்சான் போனை வைக்கவில்லை. செய்தி ஆசிரியர் ஒருவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு வெறும் நிசப்தத்தை அவ்வளவு நேரம் கேட்டது அந்த அலுவலக வரலாற்றில் அது ஒரு தடவைதான்.

சாயங்காலத்துக்குள் இரண்டு தலைவர்களும், போர் நிறுத்தம் தங்கள் தரப்பின் பெருந்தன்மையால்தான் குறித்த நேரத்துக்கு முன்பே தொடங்கியது என்று தனித்தனியாக அறிவித்தார்கள். முந்திக்கொள்ள வேண்டுமே என்று, உயரமாக இருந்த அந்த ஒரே கதவு வழியாக ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார்களாம். அந்த ஒப்பந்தம் சில மாதங்கள்தான் தாங்கியது. ஆனால் அதற்குள் கடக்க வேண்டியவர்கள் கடந்துவிட்டார்கள்.

குடைக்காரம்மாவைச் சிறப்பு அன்று முழுக்கத் தேடினார். நான்கு பெண்கள் ‘நான்தான்’ என்றார்கள். மூன்று பேரிடம் சிவப்புக் குடையே இருந்தது. நாலாமவள் குடை தொலைந்துவிட்டது என்றாள். அவளுக்குக் காதும் சரியாகக் கேட்கவில்லை; எல்லாவற்றையும் இரண்டு தடவை கேட்க வேண்டியிருந்தது. “பெட்டி விழுந்துச்சா? எப்ப?” என்று அவள் திருப்பிக் கேட்டபோது சிறப்பு பேனாவை மூடி வைத்துவிட்டார்.

விடுதிக்குத் திரும்பியபோது சமையலறையில் ஒரு மெலிந்த மனிதர் நாற்காலி மேல் ஏறி நின்றிருந்தார். துவைக்காத சட்டை. அக்கா கீழே நின்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டிருந்தார். கன்னம் ஈரமாக இருந்தது, ஆனால் குரல் காரமாகத்தான் இருந்தது.

“ஒன்றரை வருஷம் சட்டைப் பையில வெச்சிருந்தீங்களே, ஒரு தடவையாவது எடுத்து அளவு பாத்தீங்களா?”

“அளவு பாக்கக் குழாய் இங்கல்ல இருக்கு? அங்க என்னத்துல வெச்சுப் பாக்கறது?”

“தம்பி, வாங்க, நீங்களே பாருங்க.” அக்கா உள்ளங்கையை நீட்டினார். சின்னதாக, கறுப்பாக, ஒரு ரப்பர் வளையம். “சின்னது. பொருந்தல.”

சிறப்பு அதை வாங்கி விரலில் உருட்டிப் பார்த்தார். சொட்டுச் சொட்டாக நீர் வாளியில் விழுந்துகொண்டிருந்தது. பகலில் அந்தச் சத்தத்தை அவர் கேட்பது அதுதான் முதல் தடவை.

“கடைக்காரன் மாத்தித் தரேன்னு சொல்லியிருக்கான்” என்றார் அக்காவின் கணவர் இறங்கிக்கொண்டே. “காலையில போய் மாத்திட்டு வந்துடுறேன்.”

“நீங்க தனியா போய்க் கிழிச்சது போதும். நானும் வரேன்.”

மறுநாள் காலையில் சிறப்பு மாடி ஜன்னலில் நின்றார். மிதிபட்ட புல்லின் நடுவே ஒரு பாதை விழுந்திருந்தது. கடிகாரம் பார்க்காமல், குனியாமல், ஓடாமல், ஒரு கணவனும் மனைவியும் அதன் வழியே அந்தக் கரைக்குப் போனார்கள். நடுப்பாலத்தில் நின்று ஏதோ வாக்குவாதம் செய்தார்கள். பிறகு மறுபடி நடந்தார்கள். கண் எட்டும் வரைக்கும் அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். மேஜைக்கு வந்து உட்கார்ந்தபோது, எழுதிப் பழகிய கைக்கு எதுவும் வரவில்லை. வெகுநேரம் கழித்து இரண்டே பத்தி எழுதினார்.

முதலாவது திருத்தம்: ‘நேற்றைய செய்தியில் போர் நிறுத்தம் நண்பகல் பன்னிரண்டு மணிக்கு என்று வெளிவந்தது தவறு. அது செய்தி வெளிவந்த பிறகு நிகழ்ந்தது என்று திருத்தி வாசிக்கவும்.’

இரண்டாவது ஒரே வாக்கியம்: ‘இன்று காலை இங்கே இரண்டு பேர் ஒரு குழாய் வாஷரை மாற்றி வாங்குவதற்காகப் பாலத்தைக் கடந்து போனார்கள்.’

திருத்தத்தைப் போட்டாலும் யாருக்கும் ஒன்றும் புரியாது என்ற தைரியத்தில் மச்சான் அதை அப்படியே போட்டுவிட்டார். வாஷரை மட்டும் இடமில்லை என்று வெட்டிவிட்டார்.